குடையை வட்டவளையிலேயே விட்டிட்டு வாரும், மாப்பிளை

வாரும் மாப்பிளை, இந்தக் கதிரையில இரும். ஒரு கால் ஆடும்தான், சுவர்ப்பக்கமாய்ச் சரிஞ்சிருந்தால் ஒண்டும் செய்யாது. நீர் வட்டவளையில பிறந்து பேசாலைக்குப் படிப்பிக்க வந்த ஆள். வந்த இடத்தில என்ர பேத்தியையும் கேட்டிட்டீர். கேட்டதில பிழையில்லை. ஆனால் ஊரைப் பற்றி அவளிட்டக் கேட்டிருக்கக் கூடாது. "இஞ்ச நல்ல காலநிலை" எண்டுதானே சொன்னவள்? கலியாணம் நிச்சயமாகும் வரைக்கும் எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளும் அப்பிடித்தான் சொல்லுவினம்.

முதல்ல குடும்பத்தை விளங்கிக்கொள்ளும். எனக்கு மூண்டு பொடியள். மூத்தவனுக்கு முருங்கன் பக்கம் வயல். நடுவிலான், அதுதான் உம்மட மாமன், கடலுக்குப் போறவன். கடைசியான் உப்பளத்தில வேலை. நடுவிலான்ர மகன், உம்மட மச்சான், காத்தாடிக் கோபுரத்தடியில காவல் நிக்கிறான். இவை நாலு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடேக்கை "இண்டைக்கு நல்ல வெயில்" எண்டு நீர் சும்மா ஒரு வார்த்தை விட்டீரெண்டால், ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தன் முறைப்பான், ஒருத்தன் கோப்பையோட எழும்பிப் போவான். ஊரில இருந்து கொண்டு வந்த சீதனப் பேச்சுக்குக்கூட இவ்வளவு ஆபத்தில்லை. அதனாலதான் கலியாணத்துக்கு முன்னமே கூப்பிட்டு வைச்சுச் சொல்லுறன்.

உங்கட வட்டவளையில வருசத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழை. இலங்கையிலேயே கூட மழை விழுகிற இடங்களில அதொண்டு. இஞ்ச 1000ஐத் தொடுறதே பெரும்பாடு. நீங்கள் ஜூன், ஜூலை ரெண்டு மாசத்தில ஊத்தித் தள்ளுறதை நாங்கள் வருசம் முழுக்க வைச்சுச் சாப்பிடுறம். அதையும் மாசா மாசம் பிரிச்சுத் தந்தாலாவது பரவாயில்லை. ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில பெரும்பங்கைக் கையில தந்திட்டு, மிச்சக் காலத்தை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ எண்டு போயிடும்.

பள்ளிக்கூடத்தில நீர் என்ன படிப்பிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவம், டிசம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம், நடுவில ரெண்டு இடைப்பருவம். வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லுற கணக்கு அது. நல்லாய்ப் படிப்பியும். கடற்கரைக்குப் போனால் மட்டும் வாயைத் திறவாதேயும். அங்க தெற்கிலயிருந்து அடிச்சால் சோளகம், வடக்கெண்டால் வாடை, கிழக்கெண்டால் கொண்டல், மேற்கெண்டால் கச்சான். தோணியில ஏறுறவனுக்கு மாசம் தேவையில்லை, முகத்தில எந்தப் பக்கம் படுகுதெண்டு தெரிஞ்சால் போதும்.

இந்த மன்னார்த் தீவு 26 கிலோமீட்டர் மட்டில நீளம், அகலம் கொஞ்சந்தான். இராமேஸ்வரத்தைப் பாத்து நீட்டிக்கொண்டு கிடக்குது. வடக்கால பாக்குக் கடல், தெற்கால மன்னார் வளைகுடா. சோளகம் எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை எழும்பினால் மாறிப் போகும். அப்ப வள்ளத்தையும் வலையையும் தூக்கிக்கொண்டு தீவின்ர மற்றப் பக்கத்துக்குப் போறதுதான் எங்கட பிழைப்பு. கலண்டரில வருசம் ஜனவரியில பிறக்கும். உம்மட மாமன்ர கணக்கில அது சோளகத்தோட பிறக்குது. நீரும் மே மாசம்தான் தாலி கட்டுறீர், ஆகையால் அதிலயிருந்தே தொடங்குவம்.

மே பிந்தச் சோளகம் பலக்கும். குடையோட வந்தீரெண்டால் உமக்குப் பிடி மிஞ்சும், துணி விடத்தல்தீவில கிடக்கும். கோப்பையில சோறு போட்டவுடன வாய்க்குள்ள போட வேணும். ஆறுதலாய்ப் பிசைஞ்சுகொண்டிருந்தால் பாதி மண். மாமி "குழம்பு எப்பிடி?" எண்டு கேட்டால் பல்லில நெருநெருத்தாலும் "நல்ல உறைப்பு" எண்டு சொல்லும். ஆடிக் காத்தில அம்மியும் பறக்கும் எண்டு பழையாக்கள் சொன்னது கொஞ்சம் கூடத்தான். அம்மி பறக்கிறதை நான் காணேல்ல. தகரம் பறக்கும். போன இடத்தில போய்க் கேட்டால், அது தங்கட தகரம் எண்டு சொல்லுவினம்.

நீர் கேப்பீர், அதே காத்துத்தானே எங்கட ஊரில மழையாய்க் கொட்டுது, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது எண்டு. கடல்ல ஈரத்தை அள்ளிக்கொண்டு வாற காத்து உங்கட மலையில முட்டி, மேல ஏறிக் குளிர்ந்து, மழையாய் இறங்குது. இஞ்ச முட்டுறதுக்கு என்ன இருக்கு? பனையிருக்கு, உடைமரம் இருக்கு, கோயில் கோபுரம் இருக்கு. அதுகளில முட்டி எந்த முகிலும் மேல ஏறாது. முகில் எங்களைப் பாத்துக்கொண்டே தலைக்கு மேலால போகும். நாங்களும் அண்ணாந்து பாத்து வழியனுப்பி வைப்பம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாசங்களில வானொலியில "மத்திய மலைநாட்டில் கடும் மழை" எண்டு சொல்லுற நேரம் இஞ்ச மாமி கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கொண்டு நிப்பா.

இப்ப காத்து முட்டுறதுக்கு மனுசர் ஒண்டு கட்டி வைச்சிருக்கினம். தென்கரையில வரிசையாய் 30 கோபுரம், 103.5 மெகாவாட். 2020 டிசம்பரில திறந்தது, தம்பபவனி எண்டு பேர். சோளக மாசங்களிலதான் அதுக்கு நல்ல உழைப்பு. உம்மட மாமனைத் தென்கடலில இறங்க விடாமல் கரையில இருத்திப்போட்டு, அதே காத்து அவன்ர தலைக்கு மேல நிண்டு நாட்டுக்கெல்லாம் கரண்டு உற்பத்தி பண்ணுது. அவனுக்குக் கோபம் வராதே? கோபுரம் வந்த பிறகு மீன் விலகிப் போச்சு எண்டுறான், மழைவெள்ளம் ஓடுற வாய்க்கால் அடைபட்டுப் போச்சு எண்டுறான். அதானி நிறுவனம் இன்னொரு பெரிய திட்டத்தோட வந்து 2025 பெப்ரவரியில கைவிட்டிட்டுப் போனது. அதே வருசம் ஆகஸ்டில, வேற கோபுரங்கள் வருகுதெண்டு மன்னார் ரவுணில சனம் ரோட்டில இறங்கினது. அந்த நாளையில இந்த வீட்டில பகலில போராட்டம், இரவில காவல் சம்பளம். தகப்பனும் மகனும் ஒரே வாசலால ஒருத்தன் போக ஒருத்தன் வருவான். இந்த விசயத்தில உம்மட அபிப்பிராயம் என்னவெண்டு ஆரும் கேட்டால் தண்ணி குடியும். ஒரு செம்பு காணாட்டில் ரெண்டு குடியும்.

சோளகத்தை முழுக்கத் திட்டவும் கூடாது, கடைசியான் பக்கத்தில இருப்பான். வெயிலும் காத்தும் சேர்ந்து அடிக்கேக்கைதான் உப்புப் பாத்தியில வெள்ளை கட்டும். கருவாடும் அப்பதான் ஒழுங்காய்க் காயும். ஆவணியில ஒரு சின்ன மழை தூறினாலும் கடைசியான்ர முகம் செத்த வீட்டுக்குப் போனவன்ர முகம். மூத்தவன் அதே தூறலைப் பாத்திட்டு "ஆண்டவர் கண் திறந்திட்டார்" எண்டு சிலுவை போடுவான். ரெண்டு பேருக்கும் நடுவில நீர் இருந்தால், இருமும்.

ஜூலை 2, ஆகஸ்ட் 15 ரெண்டு நாளும் மடுத்திருவிழா. 1670இல ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தைச் சனம் மாதாவின்ர சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள போனது. அந்த இடம் இண்டைக்கு நாடு முழுக்கச் சனம் வாற கோயில். காடு காய்ஞ்சு கிடக்கிற காலம், அதனால தமிழரும் சிங்களவரும் மரத்துக்குக் கீழ கூடாரமும் பாயும் போட்டுக்கொண்டு நாட்கணக்காய்த் தங்குவினம். பேத்தி உம்மையும் இழுத்துக்கொண்டு போவாள். போம். புழுதியில முழங்காலில நடக்கச் சொன்னால் நடவும். பள்ளிக்கூடத்தில எத்தினை பிள்ளையளை முழங்காலில நிக்க வைச்சிருப்பீர்.

ஆவணி, புரட்டாதியில கிணறு சொல்லுறதைக் கேக்க வேணும். நாங்கள் குடிக்கிறது மழைத் தண்ணிதான், மண் வடிச்சு வைச்சிருக்கிறது. அது கீழ கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல, பாலுக்கு மேல ஆடை மிதக்கிறமாதிரி மெல்லிசாய் மிதக்குது. பட்டையால அள்ளிக் குடிச்ச காலத்தில மேலாக எடுத்தம், ஒண்டும் நடக்கேல்ல. இப்ப ஆளாளுக்கு மோட்டரைப் பூட்டி உறிஞ்ச, ஆடை கிழிஞ்சு கீழ கிடக்கிற உப்பு மேல வருகுது. நீர் மலையில தண்ணி பீலியால தானாய் ஓடி வர, அதுக்குக் கீழ தலையைக் காட்டிக்கொண்டு நிண்டு பழகின ஆள். இஞ்ச ஒருக்கால் அப்பிடிக் குளிச்சுப் பாரும். மாமி மரியாதையாய்ப் பேசுற கடைசி நாள் அதாய்த்தான் இருக்கும்.

ஒக்டோபர் பிறந்தால் சோளகம் களைச்சு நிண்டிடும். ரெண்டு கடலும் ஒரே நேரத்தில அடங்குற கொஞ்ச நாள் வரும். புழுக்கம், பின்னேரத்தில கிழக்கால மின்னல், கொண்டல் மெல்ல எட்டிப் பாக்கும். மூத்தவன் விதைநெல்லை வெளிய எடுப்பான். அவன்ர வயலுக்குத் தண்ணி கட்டுக்கரைக் குளத்திலயிருந்து வருகுது. தாதுசேன மன்னன் கட்டினது எண்டு சொல்லுவினம், பேந்து வெள்ளைக்காரன் திருத்தினது. குளத்துக்குத் தண்ணி அருவியாற்றில தேக்கம் அணையால திரும்பி வருகுது. அருவியாற்றுக்குத் தண்ணி அனுராதபுரப் பக்கத்தால வருகுது, அங்க அதுக்கு மல்வத்து ஓயா எண்டு பேர். ஆகையால் மூத்தவனிட்ட "மழை எப்பிடி?" எண்டு கேக்கேக்கை முருங்கன் மழையைக் கேளாதேயும். அனுராதபுரத்தில பெய்ததோ எண்டு கேளும். கேட்டீரெண்டால் உம்மை விட்டால் வேற மருமகன் இல்லை எண்டு சொல்லுவான். அண்டைக்கே கடைசியான்ர உப்புப்பாத்தி கரைஞ்சிருக்கும், அந்தப் பக்கம் தலையைத் திருப்பாதேயும்.

நவம்பரில மழை கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் சேர்த்துப் பெய்யும். மணல் ஊர், தண்ணி வத்திப் போயிடும் எண்டு நினைப்பீர். வத்தத்தான் வத்தும், ஆனால் நிலம் கடல்மட்டத்துக்கு மேல தலையை நீட்டிக்கொண்டு நிக்கிறதே கொஞ்சம். கீழயும் தண்ணி, மேலயும் தண்ணி எண்டால் எங்க போய் வத்திறது? ரவுணில கழுதையள் விறாந்தையள் வழிய ஏறி நிக்கும். அராபியர் கொண்டு வந்து விட்ட வம்சமெண்டு அதுகளுக்கு ஒரு பெருமை. துரத்தாதேயும். இந்த ஊரில அதுகள் உமக்கு மூத்த குடியள்.

இந்த மாசத்துக்கும் அடுத்த மாசத்துக்கும் என்னட்டப் பகிடி கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயலில எதிர்க்கரையில தனுஷ்கோடி ஊரோட போச்சு. பாம்பனிலயிருந்து வந்த ரயிலை அலை இழுத்துக்கொண்டு போனது, அதில வந்தவை நூறு பேருக்கு மேல. 1914 தொடக்கம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடின கப்பல் அதோட அந்தத் துறையை விட்டிட்டு, பேந்து இராமேஸ்வரத்திலயிருந்துதான் வந்தது. நான் அப்ப பொடியன். விடிஞ்ச பிறகும் பெரியாக்கள் ஆரும் கதைக்கேல்ல, அதுதான் எனக்கு நினைவிருக்கு. 2020 டிசம்பரில புரெவிப் புயல் கிழக்குக்கரையால ஏறி, வன்னியைக் குறுக்கறுத்து, எங்கட பக்கத்தால வளைகுடாவில இறங்கினது. 2025 நவம்பர் கடைசியில டித்வா வந்து ஒரு மூலை விடாமல் நாட்டை உழக்கினது, செத்தவை 600க்கு மேல. உங்கட பக்கம் மலை சரிஞ்சது, எங்கட பக்கம் அருவியாறு கரை தாண்டி வயலையும் மாடுகளையும் கொண்டு போச்சு. ஒரே மழைதான், உங்களுக்கு மண்ணாய் வந்தது, எங்களுக்கு வெள்ளமாய் வந்தது. அந்தக் கிழமை மூத்தவனும் கடைசியானும் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை பிடிக்கேல்ல. அந்த மாதிரி நாளில "கடலுக்குப் போகாதேயுங்கோ" எண்டு திணைக்களம் சொன்னால், மாமன் வள்ளத்தைத் தள்ளுறதுக்கு முன்னம் நீர் போய் அதுக்கு முன்னால நில்லும். மருமகன் எண்ட மரியாதைக்காவது நிப்பான்.

டிசம்பர் கடைசியில மழை மெல்ல விலக வாடை எழும்பும். இப்ப வடகடல் கொந்தளிக்கும், மாமன் வலையைத் தூக்கிக்கொண்டு தென்கடலுக்குப் போவான். மச்சானுக்கும் சிரிப்பு, வாடையிலயும் காத்தாடி கொஞ்சம் சுத்தும். வங்காலைக் கழிமுகப் பக்கம் பூநாரையும் வாத்துக்களும் வந்து இறங்கும். 2010இல ராம்சார் ஈரநிலமெண்டு அதுக்குப் பேர் குடுத்த பிறகு கொழும்பிலயிருந்து கமராக்காரரும் சேர்ந்து வந்து இறங்குகினம். குளிர் தாங்கேலாமல் வெளிநாட்டிலயிருந்து பறந்து வாற சாதி. விசா இல்லை, வாடகை இல்லை, பங்குனிக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போயிடுங்கள். உம்மட மச்சாள் ஒருத்தி கனடாவிலயிருந்து வாறதும் இதே மாசங்களிலதான். அவளைப் படம் எடுக்கத்தான் ஆருமில்லை.

தை பிறந்தால் எனக்குக் குளிரும். கம்பளித் தொப்பி, காதுக்குத் துண்டு, காலுக்கு மேசு. மாசிப்பனி மூசிப் பெய்யும் எண்டு ஆச்சி விடியக் காலமை முணுமுணுத்துக்கொண்டு பனங்கிழங்கு அவிப்பா. உமக்குச் சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். நுவரெலியாவில புல்லில உறைபனி பிடிக்கிற மாசம் அது, இஞ்ச வேர்க்காமல் இருந்தாலே குளிர் எண்டு சொல்லுறம். சிரியாதேயும். "அப்பு, சரியான குளிர்தான்" எண்டு சொல்லி ரெண்டு கிழங்கு கூட வாங்கித் தின்னும்.

மாசியில மூத்தவன் அறுவடையில நிப்பான், அப்ப வானத்தைப் பாத்து மழை எண்டு வாயாலயும் சொல்லாதேயும். ஒக்டோபரில உம்மைக் கட்டிப்பிடிச்சவன் இப்ப அரிவாளோட நிக்கிறான். சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்தில சனம் பாலாவித் தண்ணியைக் குடத்தில எடுத்து லிங்கத்துக்கு ஊத்தும். நாங்கள் வேதக்காரர் எண்டாலும் அந்த இரவு அவ்வளவு சனத்துக்கு நடுவில நிக்கிறதில ஒரு சந்தோசம்.

பங்குனிக்கு வாடை விழுந்து போகும், சோளகம் இன்னும் எழும்பியிருக்காது. கடல் தெளிஞ்சு, அடி மணல் தெரியும். இந்த இடைவெளிக்குள்ளதான் அந்தக் காலத்தில முத்துக்குளிப்பு. அரிப்பில கவர்னர் நோர்த் கட்டின மாளிகை கடல் அரிச்சு இடிஞ்சு கிடக்குது, ஒருக்கால் போய்ப் பாரும். அவர் அங்க இருந்து சிப்பி எண்ணத்தான் அதைக் கட்டினவர். 1905இல மறிச்சுக்கட்டியில எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல எடுத்தாங்கள், அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய் மட்டில கிடைச்சது. அதைக் கண்டு வாயூறின லண்டன் கொம்பனி ஒண்டு அடுத்த வருசம் 20 வருசக் குத்தகைக்குக் கடலை எடுத்தது. எழுத்து வேலை, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி, சிப்பியிட்டத்தான் கையெழுத்து வாங்க மறந்திட்டாங்கள். ஒண்டு ரெண்டு வருசத்தில சிப்பி இல்லை, பேந்து கொம்பனியும் இல்லை. 1925க்குப் பிறகு அப்பிடி ஒரு குளிப்பு நடக்கவேயில்லை. வருமானம் தெரிஞ்ச உடன கடலையே குத்தகைக்கு எடுக்க வாற கொம்பனி அதோட முடிஞ்சுது எண்டு நினையாதேயும். மாமனுக்கு முன்னால இந்தக் கதையை எடுத்தால் அவன் நேரே காத்தாடிக்கு வந்து நிப்பான்.

சித்திரையில வெயில் மண்டையைப் பிளக்கும், பின்னேரம் சித்திரைக் குழப்பம் எண்டு ரெண்டு இடி இடிச்சிட்டுப் போகும். மாமன்ர முகத்தில மட்டும் நல்ல வெளிச்சம் தெரியும். ஏப்ரல் 15இலயிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தமிழ்நாட்டு இழுவைப்படகுகளுக்கு அங்க தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் எண்டு அவை வைச்ச தடை, அந்தப் படகுகள் வந்து அறுக்காமல் எங்கட வலை முழுசாய்க் கரைக்கு வாறது அதில கிடைக்கிற உபரி இலாபம். ஜூன் 15 விடியக்காலமை மாமனோட கதைக்காதேயும்.

பனை சுரக்கிறதும் இந்த மாசங்களிலதான். எனக்குக் கள்ளு கூடாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார், ஆச்சியும் சொல்லியிருக்கிறா. உமக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. ஆகையால் நீர் வாங்கிக்கொண்டு வந்து இந்த விறாந்தையில, எனக்குப் பக்கத்தில வைச்சிட்டு உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாய் வரலாம்.

பள்ளிக்கூட லீவும் அப்ப வரும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வட்டவளைக்குப் போட்டு வாரும், அவளும் குளிர் எண்டால் என்னவெண்டு பாக்கட்டும். தைக்கும் பங்குனிக்கும் இடையில காய்ஞ்ச காத்தில பறிச்ச கொழுந்துக்குத்தான் மணம் எண்டு தோட்டத்து ஆக்கள் சொல்லுவினம், அதில ரெண்டு கிலோ வேணும். கடைத் தூளைக் கொண்டு வந்து ஏமாத்தப் பாராதேயும், வாசலிலயே மணந்து பாப்பன். போகேக்கை சம்பந்தி வீட்டுக்குக் கட்டாக் கருவாடு தருவன், நல்ல சோளகத்தில காய்ஞ்சது. தலைமன்னார் இரவு ரயிலில சீற்றுப் பிடிக்கிறது கஷ்டம் எண்டு சொல்லுறவை. பையின்ர வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சுக்கொண்டு ஏறும், முருங்கன் தாண்ட முன்னம் ரெண்டு பேருக்கும் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் வந்திடும்.